ஏழாவது வரி

அந்த நாளில் பட்டறைக்கு வருகிறவர்கள் கதவைத் தள்ளியதும் முதலில் பார்ப்பது என்னைத்தான். என் மேஜையை வாசலுக்கு நேர் எதிரே போட்டிருந்தேன். பார்த்ததும், "வணக்கம் சார்" என்பார்கள். அதற்கு அடுத்த பேச்சு, "அக்கா இல்லையா?"

அக்கா என்பது என் மனைவி எஸ்தர் கமலம். அவள் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவள் பெயரில் ஒரு தவறு இந்த மாவட்டத்து ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. அது அவள் செய்த தவறு அல்ல. நடந்ததை, நினைவு மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன்.

சூரியப் புயல் அடித்த ஆகஸ்ட் மாதத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது பிறந்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று நாள் வானத்தில் சிவப்புத் திரை ஆடியது. கைப்பேசி, கணினி, கப்பல், ஆஸ்பத்திரி மெஷின் எல்லாம் செத்தன. புதிதாக வந்து இறங்கியவையும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. பூமியைச் சுற்றியிருந்த காப்பு கிழிந்துவிட்டது, மேலிருந்து விழும் துகள்கள் நுண்ணிய கோடுகள் போட்ட சில்லுகளை அரித்துவிடுகின்றன என்றார்கள். தாங்கியவை பாலிடெக்னிக் லேப் அலமாரிகளில் தூசி படிந்து கிடந்த பழைய தடித்த ஐசிகள். ஒன்றில் நான்கே நான்கு கேட், அதாவது உள்ளே வரும் மின்சாரத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று முடிவெடுக்கும் சுற்று; வெளியே பதினான்கு கால். மாணவர்கள் பழகுவதற்காக வாங்கிப் போட்டவை.

நான் தூத்துக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருடம் டிஜிட்டல் லேப் இன்ஸ்ட்ரக்டர். ஸ்டாஃப் ரூமில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. புயலுக்குப் பிறகு ஜீப் அனுப்பி என்னை அழைத்துப் போனார்கள். தண்ணீர் பம்ப், அரிசி மில், லிஃப்ட், சிக்னல் என எதுவாக இருந்தாலும் கம்ப்யூட்டர் இல்லாமல் யோசிக்க வைக்க வேண்டும். அதற்குக் கேட்டுகளை ஒன்றோடொன்று கையால் ஈயம் வைத்துக் கோக்கத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியைப் பட்டறையாக்கிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் நான் பெரிய மனிதனாக இருந்தேன். அந்த ஒரு வருடத்தை இன்றும் என்னால் நாள் நாளாகச் சொல்ல முடியும்.

எஸ்தர் எம்ப்ராய்டரி போடுகிறவள். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள் ஒருநாள் காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பாதியில் விட்டிருந்த சர்க்யூட் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் என்னைவிட வேகமாகக் கட்டினாள். ஒரு வருடத்தில் என்னைவிடச் சுருக்கமாகக் கட்டினாள். நான் பதினோரு கேட் போடும் வேலையை அவள் ஏழில் முடிப்பாள். எனக்குப் பாடம் தெரியும். அவளுக்கு அது கையில் இருந்தது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலை. அதுவும் ஒரு திங்கட்கிழமை கைமாறியது. ஒன்று, சைபர் என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே பதினைந்து பேர், எல்லாரும் வலை, படகு, உப்பளம் என்று வேலை செய்து வந்தவர்கள், கொட்டாவி விட்டார்கள். எஸ்தர் மூலையிலிருந்து சொன்னாள்.

"பேங்க் லாக்கர் பாத்திருக்கியளா? உங்க சாவியும் போடணும், மேனேஜர் சாவியும் போடணும். ரெண்டும் இருந்தாத்தான் திறக்கும். அது ஆண்ட் கேட். பஸ்ல முன்னால ஒரு மணி, பின்னால ஒரு மணி. எந்தக் கயித்தை இழுத்தாலும் டிரைவருக்குக் கேக்கும். அது ஆர் கேட்."

"நாட் கேட்டுக்கா?" என்று முத்துமாலை கேட்டான். உப்பளத்திலிருந்து வந்தவன், பின்னால் எங்கள் பட்டறையின் நல்ல கைகளில் ஒருவன்.

"அது எங்க வீட்டுக்காரரு. நான் ஆமான்னா இல்லம்பாரு, இல்லன்னா ஆமாம்பாரு."

பதினைந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அடுத்த திங்கட்கிழமை அவர்கள் நேராக அவள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

பட்டறையில் ஒரு விதி உண்டு. நான்தான் கொண்டுவந்தேன். போர்டைக் கட்டினவர் அதைச் சோதிக்கக் கூடாது. இன்னொருவர் சோதிக்க வேண்டும். எந்த வயருக்கு என்ன விடை என்று எழுதிய ட்ரூத் டேபிள் தாளை எடுத்துவைத்து, ஒவ்வொரு வரியிலும் உள்ளபடி ஒன்றும் சைபரும் கொடுத்து, விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்த்து டிக் போட வேண்டும். இரண்டு வயர் உள்ளே வந்தால் நான்கு வரி. மூன்று வந்தால் எட்டு. நான்கு வந்தால் பதினாறு. கீழே சோதித்தவர் கையெழுத்து. அதன்பின் போர்டில் எது தப்பானாலும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. கட்டினவன் தவறு செய்வான் என்று தெரிந்துதானே இன்னொருவரை வைத்திருக்கிறோம்?

அவள் போர்டை நான் சோதிப்பேன், என் போர்டை அவள். ஒரு வரியாவது தப்ப வேண்டும் என்ற ஆசையோடு அவள் போர்டை எடுத்து வைப்பேன். இரண்டு முறை, மூன்று முறை சோதிப்பேன். ஒருநாளும் தப்பவில்லை. ஒருமுறை அரிசி மில் ஆட்களும் மற்றவர்களுமாக ஏழு பேர் நிற்கும்போது அவள் என் போர்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏங்க, நாலாவது வரி எரியல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஒரு கால் சரியாகப் பற்றாமல் இருந்தது, இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த ஏழு பேரில் காசிலிங்கமும் இருந்தான். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளாண்ட் சூப்பர்வைசர். மில்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவன், "சார் கட்டுனா பாஸ் மார்க்கு, அக்கா கட்டுனா சென்டம்" என்றான். அவன் எல்லோரையும் அப்படித்தான் கேலி செய்வான். மற்றவர்கள் அன்றே மறந்திருப்பார்கள்.

அடுத்த மாதம் அதே காசிலிங்கம் ஒரு வேலை கொண்டுவந்தான். ஐஸ் பிளாண்டில் குளிரூட்ட அம்மோனியா ஓடுகிறது. மெஷின் அறையின் வடக்கே ஒரு சென்சார், தெற்கே ஒன்று. இரண்டும் கிழடு. ஒன்று மட்டும் வாயு இல்லாமலே கத்தும், அதாவது சத்தமில்லாமல் சிக்னல் அனுப்பும், உடனே பிளாண்ட் நின்று ஐஸ் கரையும். அதனால் இரண்டும் சேர்ந்து கத்தினால்தான் வாயுவை அடைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட வேண்டும் என்று எஸ்தர் முன்பே ஒரு போர்டு கட்டிக் கொடுத்திருந்தாள். ஃபேனைக் கையால் போட அறைக்கு வெளியே ஒரு பொத்தானும் உண்டு.

"இப்ப இன்ஸ்பெக்டர் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாரு சார். உள்ள ஆள் இருக்கும்போது ரெண்டு சென்சாருக்குக் காத்திருக்கக் கூடாதாம். ஒண்ணு கத்துனாலே ஃபேன் ஓடணுமாம். ஆள் உள்ள போகும்போது வாசல்ல ஒரு லீவரைத் தள்ளிட்டுப் போற மாதிரி வச்சிருக்கோம். அதைச் சேத்துக் கட்டணும். அக்கா இல்லையா?"

எஸ்தர் அன்று தங்கை வீட்டுக்குத் திருச்செந்தூர் போயிருந்தாள். "நான் கட்டுறேன்" என்றேன்.

சின்ன வேலை. இரண்டு சென்சாரையும் ஓர் ஆர் கேட்டில் விட்டு, அதோடு லீவரை ஓர் ஆண்ட் கேட்டில் சேர்த்து, அவள் போர்டோடு இணைத்தால் முடிந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு முடித்துவிட்டேன். அவள் அடுத்த நாள் காலை வந்துவிடுவாள். தாளை அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் தலையைத் தூக்கி ஏதாவது ஒரு வரியைச் சொல்லக்கூடும்.

தாளை நானே எடுத்தேன். இரண்டு சென்சார், லீவர், பொத்தான் என நான்கு வயர், பதினாறு வரி. விடை எல்லாம் எனக்கு மனப்பாடம். போர்டுக்கு மின்சாரம்கூடக் கொடுக்கவில்லை. வரிசையாக டிக் போட்டேன். லேபில் மாணவர்கள் செய்கிற வேலை இது. சோதனை செய்யாமல், வர வேண்டிய விடையை அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். இருபத்திரண்டு வருடம் அதைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்.

கீழே எஸ்தர் கமலம் என்று கையெழுத்துப் போட்டேன். அதில் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. ரேஷன் பாரம், பேங்க் பாரம் எதற்கும் அவள் கையெழுத்தை நான்தான் போடுவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி. ஊரில் பல வீட்டில் அப்படி. காசிலிங்கம் போர்டையும் தாளின் நகலையும் வாங்கிக்கொண்டு போனான்.

எஸ்தர் திரும்பி வந்த அன்று தாள் கட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து காசிலிங்கம் வந்து நின்றான்.

"அக்கா, அந்த பிளாண்டுல ஒரு ஹாரன் வைக்கணும். ஒரு எட்டு வந்து பாக்க முடியுமா?"

என் மேஜையைத் தாண்டித்தான் அவன் அவளிடம் போனான். எஸ்தர் என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றாள்.

"ஹாரனுக்கு ரெண்டு பேரு எதுக்கு?"

"வாங்களேன். வந்தா என்ன?"

போனேன். காலை பதினோரு மணி இருக்கும். பிளாண்டில் காசிலிங்கம், சுடலை என்ற ஆபரேட்டர், நாங்கள் இருவர். எஸ்தர் என்னை மெஷின் அறைக்கு வெளியே சிவப்புப் பொத்தான் அருகே நிறுத்தினாள்.

"நான் சொல்லும்போது மட்டும் அமுக்குங்க. ஃபேன் ஓடுனா ஓடுதுன்னு சொல்லுங்க. இங்கனயே நில்லுங்க, எங்கயும் போவாதிய."

முதலில் எதையும் தொடாமல் இருக்கச் சொன்னாள். பிறகு அமுக்கச் சொன்னாள். ஃபேன் ஓடியது. பிறகு சுடலை லீவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். சும்மா இருந்தோம். மறுபடி அமுக்கச் சொன்னாள். சுடலை வெளியே வந்து லீவரைத் தூக்கினான். ஒரு நீளக் கம்பின் நுனியில் அம்மோனியா நனைத்த பஞ்சைச் சுற்றி, ஜன்னல் வழியாகத் தெற்குச் சென்சாருக்குக் காட்டினார்கள். ஃபேன் ஓடவில்லை, ஓடவும் கூடாது. மூன்றாவது முறை அமுக்கச் சொன்னபோது எனக்குப் புரிந்தது. இது ஹாரன் வேலை இல்லை. அவள் ட்ரூத் டேபிளின் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். முடிந்தது ஆறாவது வரி.

என் போர்டில் சந்தேகப்பட்டு இவர்கள் அவளை அழைத்திருக்கிறார்கள். அவளும் ஹாரன் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னைப் பொத்தான் அமுக்க நிறுத்தியிருக்கிறாள். இப்படித்தான் நினைத்தேன். காது சுட்டது. அவள் முதுகைப் பார்த்தேன். கையில் தாள், காதில் பென்சில். சுடலை அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஏழாவது வரிக்கு அவளும் சுடலையும் லீவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். ஆள் உள்ளே, தெற்குச் சென்சார் மட்டும் கத்துகிறது. ஃபேன் ஓட வேண்டும். காசிலிங்கத்துக்கு லாரி வந்துவிட்டது, அவன் ஐஸ் ஏற்றும் பக்கம் போயிருந்தான். நான் பொத்தானை விட்டுவிட்டு, பிளாண்ட் வாசலுக்கு வெளியே இருந்த கடையில் போய் ஒரு டீ சொன்னேன். இஞ்சி போடவா என்று கடைக்காரர் கேட்டார். போடச் சொன்னேன்.

உள்ளே நடந்ததைச் சுடலை பிற்பாடு சொன்னான். வாசல் பக்கம் நின்றதால் அவன் தவழ்ந்து வெளியே வந்து பிழைத்தான். நுரையீரல் பாதிதான் மிச்சம். பேசினால் இளைக்கும்.

"பஞ்சைக் காட்டுனோம் சார், ஃபேன் ஓடல. போர்டுல கோளாறா அக்கான்னு கேட்டேன். 'எங்க வீட்டுக்காரர் கட்டுன போர்டு சுடலை. ஒயர்ல தப்பு இருக்காது. பஞ்சு காஞ்சிருக்கும்'னாங்க. நான்தான் சார், ட்ரெயின் வால்வை ஒரு நூல் திறந்து காட்டுவோம், ஃபேன் ஓடுனதும் அடைச்சிருவோம்னேன். திறந்தேன். திறந்த வால்வு அடைபடல. ஃபேனும் ஓடல. அக்கா உங்களக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. நீங்க பொத்தான்கிட்ட நிக்கிறதாத்தான் நாங்க நினைச்சோம்."

டீக்கடைக்குச் சத்தம் கேட்கவில்லை. காற்றில் வாடை வந்ததும்தான் ஓடினேன். பொத்தானை அமுக்கினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

விசாரணைக்கு மதுரையிலிருந்து மங்கையர்க்கரசி என்ற அதிகாரி வந்தார். போர்டைக் கழற்றி மேஜையில் வைத்தபோது நானும் பார்த்தேன். ஆர் ஐசி இருக்க வேண்டிய இடத்தில் ஆண்ட் ஐசி இருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே கறுப்பு, ஒரே பதினான்கு கால், கால் வரிசையும் ஒன்று. முதுகில் உள்ள எண்தான் வேறு, அது தேய்ந்திருந்தது. என் டப்பாவிலிருந்து அவசரத்தில் எடுத்தது. ஒரு சென்சார் போதும் என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டும் வேண்டும் என்று கேட்டது அந்தப் போர்டு. வடக்குச் சென்சாருக்கு வாயு எட்டும்வரை காத்திருந்தது. பதினாறில் தப்பியவை இரண்டு வரிகள், ஏழாவதும் பதினோராவதும். மின்சாரம் கொடுத்துப் பார்த்திருந்தால் பட்டறை மேஜையிலேயே ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஆனால் தாளில் பதினாறுக்கும் டிக் இருந்தது. சோதித்தவர் எஸ்தர் கமலம். விதிப்படி பொறுப்பு அவளுடையது.

நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் மட்டும் இல்லை. "எஸ்தருக்கும் தப்பு வருமா?" என்று யாரோ மெல்லக் கேட்டது காதில் விழுந்தது. அவளைப் புதைத்து எட்டாவது நாள். அந்தக் கேள்வி என் உள்ளே எங்கோ இதமாக இறங்கியது. இதை எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் பயனில்லை.

அறிக்கை வந்தது. எஸ்தர் சோதித்த போர்டுகளை நம்பக் கூடாது என்று, அவள் கைபட்ட நாற்பத்தொரு போர்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்ததையும் கழற்றினார்கள். ஒன்றில்கூடத் தவறு இல்லை. பட்டறைச் சுவர்களில் 'எஸ்தர் பிழை' என்று ஒரு தாள் ஒட்டினார்கள். பார்க்காமல் டிக் போடாதே என்று அதில் இருந்தது.

அந்த வாரம் காசிலிங்கம் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். நாங்க அக்காவக் கூப்பிடல. ஹாரனும் கேக்கல. அக்காதான் ஆள் விட்டாங்க. 'நீ கூப்பிட்ட மாதிரி வந்து கூப்பிடு காசி. அந்தத் தாள்ல என் கையெழுத்து இருக்கு. நான் பாக்காம இருக்கக் கூடாது. சார் காதுக்குப் போவ வேண்டாம், மனசு சங்கடப்படுவாரு'ன்னாங்க. அவங்க போட்ட கையெழுத்து, அவங்க பாக்காம எப்படி சார்? எனக்கு இன்னும் விளங்கல."

எனக்கு விளங்கியது. நான் போட்ட பொய்க் கையெழுத்தை உண்மையாக்க அவள் வந்திருக்கிறாள். பதினாறு வரியையும் பார்த்து முடித்துவிட்டால், அது அவள் கையெழுத்து ஆகிவிடும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. பொத்தானில் என்னை நிறுத்தியது, அங்கே நிற்பதற்கு அவள் நம்பியது என்னைத்தான் என்பதால்.

மறுநாள் அதிகாரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியது நான், சோதிக்காமல் டிக் போட்டது நான், கையெழுத்து நான், டீ குடிக்கப் போனது நான்.

மங்கையர்க்கரசி பேனாவை மூடி வைத்தார். "சார், உங்க மனைவி பேர் கெட்டுப்போறதை உங்களால தாங்க முடியல. எனக்குப் புரியுது."

"இல்ல மேடம். நிஜமாவே நான்தான்."

"காசிலிங்கமும் சொன்னாரு, மறுபடி பாக்கணும்னு அவங்களே கேட்டிருக்காங்க. முதல்ல சரியாப் பாக்கலைன்னு அவங்களுக்குத் தோணியிருக்கு. பாவம், திருத்தத்தான் போயிருக்காங்க."

"அந்தக் கையெழுத்தை நான் இப்ப போட்டுக் காட்டுறேன். தாள் குடுங்க."

கொடுத்தார். எத்தனையோ பாரத்தில் போட்ட கையெழுத்து. எ போட்டேன். ஸ் போட்டேன். கமலத்தின் ல கோணிக்கொண்டு போயிற்று. இன்னொரு முறை போட்டேன். அது அதைவிட மோசம். மூன்றாவதின் மேல் கண்ணீர் சொட்டி மை பரவியது. அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, அசல் தாளை அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் மெதுவாக மடித்தார்.

"வரலையே சார்" என்றார். "வீட்டுக்குப் போங்க. யாரையாவது துணைக்கு வச்சுக்கோங்க."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் முறையே அப்படியே வந்தது. பக்கம் நிறையப் போட்டேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், காலையில் முதல் வேலையாக அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட.

விளக்கு வைக்கும் நேரத்தில் முத்துமாலையும் பட்டறை ஆட்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். நான் போய்ப் பேசியது ஊரெல்லாம் தெரிந்திருந்தது. முத்துமாலை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"பொண்டாட்டி பேருக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்க எவன் சார் முன்வருவான்? உங்கள நாங்க சரியாத் தெரிஞ்சுக்கல. அக்கா அக்கான்னே இருந்துட்டோம். பட்டறைய நீங்கதான் எடுத்து நடத்தணும். எல்லாரும் பேசிட்டோம்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்து எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஒரு மணி நேரம் இருந்தார்கள். என்னைப் பற்றியே பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அதிகாரியின் அலுவலகம் திறக்கிற நேரத்தில் நான் பட்டறையில் இருந்தேன்.